டீச்சர் மூட்டிய தீ!

ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவது என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டால், அதற்கு இரண்டு காரணங்கள் தேவை. ஒன்று, உண்மையான காரணம். இதை யாரும் பேப்பரில் எழுதமாட்டார்கள். இன்னொன்று, பேப்பரில் எழுதுவதற்கென்றே ஒரு காரணம். இதைத் தேடிப் பிடிப்பதற்குள் மேலிடத்துக்கு நாக்குத் தள்ளிவிடும். 'பத்து நிமிஷம் லேட்டாக வந்தார்', 'அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார்', 'ஆபீஸ் பென்சிலை வீட்டுக்கு எடுத்துப் போனார்'... இப்படி ஃபைல் மெள்ள மெள்ளப் பருத்துக்கொண்டே போகும். ஆபீஸில் குப்பை கொட்டுகிற யாருக்கும் இது புதுசில்லை.

நான் படித்தவற்றிலேயே விசித்திரமான கண்டனம், ஒரு ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கிடைத்ததுதான். செய்த குற்றம் என்ன தெரியுமா? மழையில் தொப்பலாக நனைந்து வந்த பிள்ளைகளின் துணி காயட்டும் என்று வகுப்பறைக் கணப்பில் நெருப்பு மூட்டினார். அனுமதி வாங்காமல்!

சிரிக்காதீர்கள். அந்தக் கண்டனத்தில் ஆரம்பித்த சமாச்சாரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்டிரைக்கில் போய் முடிந்தது. முடிந்தது என்பதுகூடத் தப்பு. அந்த ஸ்டிரைக் 25 வருஷம் நடந்தது!

இடம், இங்கிலாந்து. நார்ஃபோக் மாவட்டத்தில் டிஸ் என்று ஒரு சின்ன டவுன். (பெயரே அவ்வளவுதான்.) அதற்குப் பக்கத்தில் பர்ஸ்டன் என்று ஒரு குக்கிராமம். சுற்றிலும் வயல், ஒரு சர்ச், புல் மண்டிய ஒரு ஊர்த் திடல், ஒரு பள்ளிக்கூடம். 1911-ம் வருஷம் ஜனவரிக் கடைசியில் இந்தப் பள்ளிக்கு ஒரு தம்பதி வந்து சேர்ந்தார்கள். மனைவி ஹெட்மிஸ்ட்ரஸ். கணவர் அவருக்குக் கீழே உதவி ஆசிரியர். ('வீட்டிலும் அப்படித்தானா?' என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.)

மனைவியின் பெயர் ஆனி கேத்தரின் ஹிக்டன். எல்லாருக்கும் கிட்டி. கணவர் டாம் ஹிக்டன், பண்ணைக் கூலி ஒருவரின் மகன். படித்து வாத்தியாராகி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் கூட்டங்களில் பிரசங்கமும் செய்துகொண்டிருந்தவர். பிரசங்கத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சாயங்காலமானால் விவசாயத் தொழிலாளர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, "எல்லாரும் சங்கத்துல சேருங்கப்பா" என்று கிளம்பிவிடுவார்.

இரண்டு பேரும் பர்ஸ்டனுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. அதற்கு முன்னால் வுட் டாலிங் என்ற ஊரில் இருந்தார்கள். அங்கே பள்ளிக் கட்டடம் சரியில்லை என்று புகார் எழுதினார்கள். வயல் வேலை மும்முரமாக இருக்கும் சமயங்களில் பண்ணையார்கள் பையன்களை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றும் எழுதினார்கள். யாருக்கு எழுதினார்கள்? பள்ளிக் கமிட்டிக்கு. கமிட்டியில் யார்? அதே பண்ணையார்கள்! 'டிஸ்மிஸா, டிரான்ஸ்ஃபரா, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு பர்ஸ்டனுக்கு வந்தார்கள்.

இந்தக் கமிட்டி சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் இங்கிலாந்தில் ஸ்கூல் போர்டு என்று ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. 1902-ல் வந்த கல்விச் சட்டம் அதை ஒழித்துவிட்டு, பள்ளிகளை மாவட்ட கவுன்சிலிடம் ஒப்படைத்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் 'மேனேஜர்கள்' என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் சில பேர். சட்டம் மாறியது, பெயர் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்த ஆசாமிகள் மட்டும் மாறவில்லை. பாதிரியார், பண்ணையார், அவர்களுக்கு வேண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் யாரும் இந்தப் பள்ளியில் படிக்கமாட்டார்கள். கூலிக்காரர்களின் பிள்ளைகள்தான் படிக்கும். கூலிக்காரர்களுக்குக் கமிட்டியில் இடம் கிடையாது.

பர்ஸ்டன் பள்ளிக்கூடமும் வுட் டாலிங்குக்குச் சளைத்ததில்லை. ஓதம் பூத்த சுவர். வெளிச்சம் போதாது. குளிருக்கு அடக்கமில்லை. கிட்டி டீச்சர் மறுபடி பேனாவை எடுத்தார். புகார்மேல் புகார். செருப்பில்லாமல் வருகிற பிள்ளைக்குச் செருப்பு, கிழிசலோடு வருகிற பிள்ளைக்குத் துணி என்று கையிலிருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். தாய்மார்களுக்கு அவர் தெய்வம். கமிட்டிக்குத் தலைவலி.

அதே 1911-ல்தான் ஊருக்குப் புதுப் பாதிரியாரும் வந்திருந்தார். சார்ல்ஸ் டக்கர் ஈலண்ட் என்று பெயர். 'ஊர் என்றால் நான், நான் சொன்னால் ஊர் கேட்கும்' என்று நினைத்த ரகம். பள்ளிக் கமிட்டிக்கும் அவரே சேர்மன் ஆனார். ஹிக்டன் தம்பதி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சர்ச்சுக்குப் போகிற வழக்கமில்லை. பாதிரியார் மனசில் அது முதல் முள்.

இரண்டாவது முள்தான் நிஜமான முள்.

தேர்தல் வந்தது!

1913-ல் பாரிஷ் கவுன்சில் தேர்தல். நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பண்ணையார்களும் பாதிரியாரும் நின்று, அவர்களே ஜெயித்து, அவர்களே கைதட்டிக்கொள்வார்கள். இந்தத் தடவை டாம் ஹிக்டன் நின்றார். கூடவே கூலிக்காரர்களையும் நிற்கவைத்தார்.

ரிசல்ட்: டாம் முதலிடம். பாதிரியார் கடைசி.

இப்போது புரிகிறதா, கணப்பில் நெருப்பு மூட்டியது ஏன் இவ்வளவு பெரிய பாவமாக இருந்தது என்று?

ஒரு தேர்தலில் ஜெயித்தார் என்பதற்காக வாத்தியாரை வேலையை விட்டு எடுக்கமுடியாது. ஆகவே ஃபைல் திறக்கப்பட்டது. அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டியது ஒன்று. கமிட்டியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது இரண்டு. மூன்றாவதுதான் விஷம். பர்னார்டோ அநாதை இல்லத்துப் பெண் குழந்தைகள் இரண்டு பேர் அந்த ஊரில் ஒரு வீட்டில் வளர்ந்துவந்தார்கள். அவர்களை டீச்சர் பிரம்பால் அடித்துவிட்டார் என்று ஒரு புகார் வந்தது.

கிட்டி டீச்சர் 'இல்லவே இல்லை' என்றார். ஊரில் பெற்றவர்கள் யாரும் நம்பத் தயாராக இல்லை. 'எங்க புள்ளைங்களத் தெனம் பாத்துக்கறவங்க... எங்களுக்குத் தெரியாதா?' என்பது அவர்கள் வாதம். விசாரணை நடந்தது. மாவட்டக் கல்விக் கமிட்டியின் தீர்ப்பு டீச்சருக்கு எதிராக வந்தது.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். 'மரியாதைக் குறைவு' என்ற குற்றச்சாட்டில் எனக்கு அவ்வளவாகச் சந்தேகமில்லை. ஹிக்டன் தம்பதி இரண்டு பேருமே வளைந்து கொடுக்கிற ஜாதியில்லை. 'ஐயா, தயவுசெய்து கொஞ்சம் கவனித்து...' என்று எழுதவேண்டிய இடத்தில், 'ஏன் இன்னும் செய்யவில்லை?' என்று எழுதுகிறவர்கள். இப்படிப்பட்டவர்கள் பக்கத்து சீட்டில் இருந்தால் நமக்கே கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால், ஓதம் பூத்த சுவரைப் பற்றி எவ்வளவு பணிவாக எழுதினாலும் சுவர் காயப்போவதில்லையே!

1914 மார்ச் 31. அன்றோடு இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. வேலையோடு பள்ளிக்கூடத்து வீடும் போனது.

அடுத்த நாள் ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம். கமிட்டிக்காரர்கள் புது வாத்தியார்களோடு பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். போர்டில் பிள்ளைகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நாளையிலிருந்து ஸ்டிரைக் என்று!

முதலில் ஏப்ரல் ஃபூல் என்று நினைத்திருக்கலாம். வாசலில் பார்த்ததும் தெரிந்திருக்கும். பள்ளியில் மொத்தம் 72 பிள்ளைகள். அதில் 66 பேர் வெளியே நின்றார்கள். கையில் கொடி, கழுத்தில் அட்டை. 'எங்க டீச்சர் எங்களுக்கு வேணும்', 'நியாயம் வேணும்' என்கிற மாதிரி வாசகங்கள். முன்னால் நின்ற தலைவிக்கு வயசு 13. வயலட் பாட்டர் என்று பெயர். ஊரைச் சுற்றி ஊர்வலம் கிளம்பியது. அவர்கள் சுற்றி வந்த பாதைக்கு உள்ளூரில் 'கேண்டில்ஸ்டிக்' என்று பெயர். மெழுகுவர்த்தித் தண்டு. தாய்மார்கள் வாசலில் நின்று வழியனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நாம் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். சினிமாவாக இருந்தால் இங்கேதான் 'சுபம்' போடுவார்கள். ஆனால், ஊர்வலம் போவது ஒரு நாள் வேலை. கொஞ்சம் வெயில், கொஞ்சம் தொண்டை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மறுநாள் காலை மணி அடித்தது

பர்ஸ்டன்காரர்கள் மறுநாள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்!

ஊர்த் திடலில், திறந்தவெளியில். வீடுகளிலிருந்து மேஜை, நாற்காலி, பெஞ்சு வந்து இறங்கின. கிட்டி டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தார். டைம்டேபிள் போட்டார். கணக்கு, எழுத்து, தையல் எல்லாம் முறைப்படி. மழை வந்தது. கூடாரம் போட்டார்கள். குளிர் வந்தது. ஊரில் ஒரு தச்சுப்பட்டறை காலியாக இருந்தது. அதைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பள்ளிக்கூடம் ஆக்கினார்கள்.

அந்தப் பக்கம் அரசாங்கப் பள்ளியும் நடந்துகொண்டுதான் இருந்தது. நல்ல சம்பளம், சட்டப்படி நியமனம், புது வாத்தியார்கள், ஆறே ஆறு பிள்ளைகள்.

அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று 18 பெற்றோர்கள்மேல் கேஸ். டிஸ் கோர்ட்டில் அபராதம். தொகை பெரிசில்லைதான். ஆனால், பண்ணைக் கூலிக்காரன் வீட்டில் எந்தத் தொகையும் பெரிசு. கூட்டம் போட்டு, தொப்பியை ஏந்தி வசூல் செய்து, அபராதத்தைக் கட்டினார்கள். மறுபடி கேஸ். இந்தத் தடவை இன்னும் நிறையப் பேர்மேல். மறுபடி வசூல். கடைசியில் கோர்ட்டுக்கே அலுத்துப்போனது. 'பிள்ளைகள் படிக்கவில்லை' என்பதுதானே குற்றம்? இங்கேதான் தினமும் மணி அடித்து, ரிஜிஸ்டர் போட்டு, பாடம் நடக்கிறதே! அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இவ்வளவு பெரிய ஆயுதம் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை.

பாதிரியாரிடம் வேறு ஆயுதம் இருந்தது. சர்ச் மானிய நிலத்தில் ஏழைக் குடும்பங்கள் சில பேர் குத்தகைக்குப் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டிரைக் பக்கம் சாய்ந்தவர்களைப் பயிரோடு காலி பண்ணச் சொன்னார். ஊர் ஜனங்கள் பதிலுக்கு அவருடைய சர்ச்சை விட்டுவிட்டுத் திடலில் கூடி ஜெபம் செய்தார்கள். அவர்களுக்கு அங்கே வந்து பிரசங்கம் செய்தவர் ஒரு மெதடிஸ்ட்.

பண்ணையார்கள் விஷயத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கூலிக்காரர்கள் குடியிருந்தது பண்ணையார் கொடுத்த வீட்டில். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். 'புள்ளைய அந்தப் பள்ளிக்கு அனுப்பினே, நாளைக்கு மூட்டையைக் கட்டு' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. பண்ணையார்கள் மிரட்டவும் செய்தார்கள். ஆனால் ஒருத்தன், இரண்டு பேர் என்றால் துரத்தலாம். ஊரே திரண்டு நின்றால் யாரைத் துரத்துவது? மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? அந்த ஆகஸ்டில் முதல் உலகப் போர் வேறு வெடித்தது. வாலிபர்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போக, வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆகிவிட்டது. மிரட்டல் தானாக வாபஸ்!

போராட்டம் ஜெயிப்பதற்குத் தைரியம் மட்டும் போதாது. எண்ணிக்கை வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். 66 பேருக்குப் பதிலாக ஆறு பேர் மட்டும் வெளியே நின்றிருந்தால், அந்த ஆறு குடும்பமும் அந்த வாரமே வண்டி கட்டியிருக்கும்.

இதற்குள் செய்தி வெளியே பரவிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் சங்கம், ரயில்வே தொழிலாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கங்கள், தொழிலாளர் கட்சிக் கிளைகள் என்று பல திசைகளிலிருந்து பணம் வர ஆரம்பித்தது. பர்ஸ்டன் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத சுரங்கத் தொழிலாளி, தன் கூலியிலிருந்து காசு கொடுத்தான். எதற்கு? யாரோ ஒரு டீச்சரம்மாவுக்காக.

அந்தப் பணத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. சர்ச்சுக்குப் பக்கத்திலேயே! பாதிரியார் தினமும் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே கட்டினார்களோ என்னவோ. பணம் கொடுத்த சங்கங்களின் பெயர்களை முகப்புச் சுவர்க் கற்களில் செதுக்கினார்கள். 1917 மே 13-ம் தேதி திறப்பு விழா. திறந்துவைத்தது மந்திரியும் இல்லை, பிரபுவும் இல்லை. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினாளே, அதே வயலட் பாட்டர்!

இந்தக் கதையை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பேங்க் உத்தியோகஸ்தர். மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார்... கடைசியில அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா? அரியர்ஸ் குடுத்தாங்களா?" என்றார். பேங்க்காரருக்கு அரியர்ஸ்தான் முதலில் தோன்றும்.

"கிடைக்கலை சார்."

"அப்ப தோத்துட்டாங்கன்னு சொல்லுங்க!"

நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். அந்தக் கமிட்டி தன் உத்தரவைக் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. கிட்டி டீச்சர் மறுபடி அரசாங்கப் பள்ளி நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்த அளவில் பார்த்தால் ஊர் தோற்றதுதான்.

ஆனால், அந்த ஊர்க்காரர்கள் எதைக் கேட்டுக் கிளம்பினார்கள்? 'எங்க டீச்சர் எங்களுக்கு வேணும்' என்று. கமிட்டி தராவிட்டால் என்ன, அவர்களே எடுத்துக்கொண்டார்கள்! அன்றைக்குத் திடலில் படித்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும் வரையில், அதற்குப் பின்னாலும், அதே டீச்சர் அந்த ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கமிட்டியால் சம்பளத்தை நிறுத்த முடிந்தது, வீட்டைப் பிடுங்க முடிந்தது. பிள்ளைகளைப் பிடுங்கமுடியவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஒருத்தரை அநியாயமாக வேலையை விட்டு எடுக்கும்போது நாம் வழக்கமாக என்ன செய்வோம்? கேண்டீனில் உட்கார்ந்து, "பாவம்ப்பா, நல்ல மனுஷன்" என்போம். ஒரு கையெழுத்து போடச் சொன்னால், "எல்லாரும் போட்டப்புறம் நான் போடறேன்" என்போம். எல்லாருமே அப்படிச் சொல்வதால் முதல் கையெழுத்து விழவே விழாது. பர்ஸ்டனில் எழுதப் படிக்கத் தடுமாறுகிற கூலிக்காரர்கள், வீடும் சோறும் பண்ணையார் கையில் இருந்தும், முதல் நாளே பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். நமக்காவது மாதச் சம்பளம் இருக்கிறது.

டாம் ஹிக்டன் 1939 ஆகஸ்டில் இறந்துபோனார். கிட்டி டீச்சருக்கு அப்போது 74 வயசு. தனியாகப் பள்ளியை நடத்தத் தெம்பில்லை. மிச்சமிருந்த சில பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கு மாறினார்கள். 25 வருஷ ஸ்டிரைக் ஓய்ந்தது. பிரிட்டிஷ் சரித்திரத்திலேயே நீண்ட ஸ்டிரைக் இதுதான் என்கிறார்கள். 1946-ல் கிட்டி டீச்சரும் போய்ச் சேர்ந்தார். பர்ஸ்டன் சர்ச் கல்லறையில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பாதிரியாரின் சர்ச்சுக்கு உயிரோடு இருந்தவரை போகாதவர்கள்!

ஸ்டிரைக் பள்ளிக்கூடம் இன்னமும் நிற்கிறது. இப்போது அது ஒரு சின்ன மியூஸியம். 1985-ல் பி.பி.சி. இந்தக் கதையை டி.வி. படமாக எடுத்தது. 1984-லிருந்து செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சங்கக்காரர்கள் கொடியோடு அங்கே வந்து கூடுகிறார்கள். பிள்ளைகள் அன்றைக்கு நடந்த அதே கேண்டில்ஸ்டிக் பாதையில் நடக்கிறார்கள்.

மாவட்டக் கமிட்டியின் ஃபைலைப் புரட்டினால், கிட்டி டீச்சர் 1914 மார்ச் 31-ம் தேதியோடு வேலை நீக்கம் செய்யப்பட்டவர். பர்ஸ்டன் ஜனங்களின் கணக்குப்படி அவர் ரிடையரானது 1939-ல்.